வண்டலூரில் பிறந்த வண்டி

பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆனேக்கல், பட்டுத்தறிக்கும் தருமராயர் கோயில் கரகத்துக்கும் பெயர் பெற்ற ஊர். தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த நம்மவர்க்கு அவ்வட்டத்தின் சிறப்பு வேறொன்று. ஒசூரைக் கடந்து வரும் நெடுஞ்சாலை, அத்திப்பள்ளியில் கருநாடக எல்லைக்குள் நுழைந்தவுடன் முதலில் மிதிப்பது ஆனேக்கல் வட்டத்து மண்ணைத்தான். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தபோது வேலை தேடி வந்தவர்களும், அதற்கு முன்னரே பெங்களூரின் பெருந்தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களும் இவ்வழியை நன்கறிவர். இரயிலில் வந்தோர் பலர். பேருந்தில் வந்தோர் அதனினும் பலர். சொந்த வண்டியில் வந்தோர் மிகச் சிலர். அந்தச் சிலருடைய வண்டிகளைப் பற்றியது இக்கட்டுரை.

சிலரிடம் மட்டுமே இருந்த ஒரு பொருளுக்கு வரலாறு எழுத வேண்டுமோ என்று கேட்போர் உண்டு. குடும்பச் சொத்துகளில் மோட்டார் வண்டி தனி இயல்புடையது. பித்தளை அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டால் நூறாண்டு கிடக்கும். கிரயப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் வைத்தால் கறையான் தொடாதவரை பிழைக்கும். மோட்டார் வண்டியோ ஓயாமல் தீனி கேட்கும் சொத்து. ஓராண்டு ஓட்டாமல் நிறுத்தினால் பெட்ரோல் கெடும், பாட்டரி சாகும், பிரேக் சிலிண்டர் இறுகும். இரண்டு மழைக்காலம் போனால் அடித்தகடு துரும்பாகும். ஆகவே மூன்று தலைமுறை ஒரு வண்டி ஒரு வீட்டில் நின்றிருக்கிறதென்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் எவரோ ஒருவர் அதற்காகக் கைப்பொருள் செலவிட்டிருக்கிறார், வீட்டாரின் ஏச்சையும் கேட்டிருக்கிறார் என்பது உறுதி.

பெயரைப் பற்றி ஒரு சொல். மலர்களிலும் நூல்களிலும் நாம் ‘மகிழுந்து’ என்று எழுதுகிறோம். இது பிற்காலப் புலவர்தம் ஆக்கம் என்று இளைஞர் நகைப்பர். ஆயின் தமிழகத்துச் சிற்றூர்களில் எழுத்தறியாதவரும் காரைப் ‘பிளஷர்’ என்றே வழங்கினர். சரக்கு ஏற்றுவது லாரி, பலர் ஏறுவது பஸ், இன்பமாகச் செல்வது பிளஷர். மகிழுந்து என்பது அவ்வழக்கின் தமிழாக்கமே என்று தோன்றுகிறது. எனினும் பட்டறையில் போய் நின்று ‘மகிழுந்தைப் பழுது பார்க்க வேண்டும்’ என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. இனி இக்கட்டுரையிலும் கார் என்றும் வண்டி என்றுமே வரும்.

பெங்களூர் ஒரு கார்த் தொழிற்சாலையின் ஊராக ஆகியிருக்க வேண்டியது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா 1935-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று மோட்டார்த் தொழிலை நேரில் ஆராய்ந்து, இந்தியாவில் கார் செய்யும் திட்டம் ஒன்றை வகுத்தார். தொழிலதிபர் வால்சந்த் ஈராசந்த் அதனைக் கையேற்று அமெரிக்காவின் கிரைசுலர் நிறுவனத்தோடு உடன்பாடு கண்டார். மைசூர் அரசு ஆதரவு காட்டிற்று; தில்லியிலிருந்த ஆங்கில அரசு இசையவில்லை. அமெரிக்கப் பயணத்தின்போது வால்சந்துக்கு ஒரு விமானத் தொழிலதிபரின் அறிமுகம் கிடைக்க, அதன் பயனாக 1940 டிசம்பரில் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை பிறந்தது. காருக்காகப் போனவர் விமானத்தைக் கொண்டுவந்தார். அவர் நினைத்த கார்த் தொழில் 1944-இல் பம்பாயில் பிரீமியர் என்னும் பெயருடன் அமைந்தது. பெங்களூர் இழந்தது கார். பெற்றது கடைசல் பட்டறையும் நுண்ணளவு பார்க்கும் கைகளும். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி. ஆகியவற்றில் பணிபுரிந்து தொழில் கற்றோரில் தமிழர் பலர். அவர்களுள் சிலர் ஓய்வு பெற்றபின் ஒரு லேத்து எந்திரத்துடன் தொடங்கிய பட்டறைகளுக்கும் நம் கட்டுரைக்கும் தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

விடுதலைக்குப் பின் இந்நாட்டில் வெளிநாட்டு நிறுவனங்கள் உறுப்புகளைப் பெட்டி பெட்டியாக இறக்கி வண்டிகளைப் பூட்டி விற்றுவந்தன. 1953-இல் டாரிப் கமிஷன், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்க்கே இடமுண்டு என்ற நிலையை உண்டாக்கிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் கடையைக் கட்டியது. கார் செய்வோராக முக்கியமாக எஞ்சியவர் மூவர்: கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. எண்ணூரில் ஆஸ்டின் காரைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் லாரிப் பக்கம் திரும்பி 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. கார் வேண்டுவோர் பணம் கட்டிப் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தந்தை பதிந்த வண்டி மகன் திருமணத்துக்கு வந்தது என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அத்தனை காத்திருந்து பெற்றதை ஐந்தாண்டில் விற்றுவிட யாருக்கு மனம் வரும்? நம் நாட்டில் கார் குடும்பச் சொத்தாக நிலைத்ததற்கு அன்பு ஒரு காரணமென்றால், தட்டுப்பாடு இன்னொரு காரணம். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

அம்பாசிடரும் பியட்டும் எல்லாரும் அறிந்தவை. நான் எடுத்துப் பேச விரும்புவது மூன்றாமதாகிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காரணம் எளிது: அது நம் ஊர் வண்டி. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் இடைப்பட்ட பகுதியில் உருவாகி, வேலூர், கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாக, நாம் வந்த அதே சாலையில் பெங்களூருக்கு வந்தது.

அதன் பிறப்பு இங்கிலாந்தில். 1959 ஏப்ரலில் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரோடு அறிமுகமானது. உருவம் தீட்டியவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. அக்காலத்துப் புதிய கார்களில் பல, அடிச்சட்டமும் மேற்கூடும் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே உடலாக மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு–டிரையம்ப் நிறுவனத்துக்குக் கூடு செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டியாளர் வாங்கிவிட்டமையால் அவ்வழி அடைபட்டது. எனவே பழைய முறைப்படித் தனி அடிச்சட்டம் ஒன்று செய்து, பல இடங்களில் வார்த்தெடுத்த தகட்டுப் பகுதிகளை அதன்மேல் போல்ட்டுப் போட்டு இணைத்தனர். அறிமுக விழாவில் தொழிலாளர்கள் மேடையிலேயே ஒரு வண்டியைச் சில நிமிடங்களில் பூட்டிக் காட்டினர். இல்லாமையால் வந்த இந்த ஏற்பாடு, கடல் கடந்த நாடுகளில் பூட்டி விற்பதற்குப் பெரிதும் வாய்ப்பாக அமைந்தது. பிரித்துப் பூட்டத் தக்க கார் என்பதே ஹெரால்டின் இலக்கணம். அறுபது ஆண்டுக்குப் பின் அதைச் சிறு பட்டறை ஒன்று மீட்க முடிவதற்கும் இதுவே காரணம்.

1948-இல் சென்னை யூனியன் கம்பெனியின் முயற்சியால் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ், வான்கார்டு, டென் ஆகிய வண்டிகளுக்குப் பின் 1961-இல் ஹெரால்டை வெளியிட்டது. எஞ்சின் 948 சி.சி. அளவுடையது, டென் வண்டியின் வழியாகச் சென்னை மெக்கானிக்குகளுக்கு முன்பே பழக்கமானது. அந்தக் காலத்தில் வண்டிகளின் உறுப்புகளும் இங்கேயே செய்யப்படத் தொடங்கியிருந்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் அமைந்தது, பாடியில் லூகாஸ்–டி.வி.எஸ். 1961-இல் தோன்றியது, பெங்களூர் ஒசூர்ச் சாலையில் ஆடுகோடி மைக்கோ ஆலை பிளக்கும் டீசல் பம்பும் செய்தது. பெயர் ஆங்கிலமாயினும், பத்தாண்டு ஓடிய ஒரு வண்டியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பாதி சென்னையும் கொஞ்சம் பெங்களூரும் இருக்கும்.

இனி வருவது ஹெரால்டு வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செய்தி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கதவு இரண்டே. முன்னிருக்கையை மடக்கித்தான் பின்னால் ஏற வேண்டும். இளங்கணவனும் மனைவியும் செல்லும் வண்டிக்கு அது போதும். நம் வீடுகளில் பின்னிருக்கை யாருடையது? பாட்டியுடையது, புடவை கட்டி, மடியில் குழந்தையோடும் கையில் தூக்குப் பாத்திரத்தோடும் ஏறும் அம்மாவுடையது. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் நான்கு கதவு இருக்க, இரண்டு கதவு ஹெரால்டு இங்கே எப்படி நிற்கும்? எனவே 1960-களின் இறுதியில் சென்னை ஆலை நான்கு கதவு ஹெரால்டைச் செய்தது. இங்கிலாந்தில் எக்காலத்தும் இல்லாத உருவம் அது, இந்தியாவுக்கே உரியது. பின்சக்கர அமைப்பும் நம்மவர்க்கு உவப்பாயில்லை. நடுவில் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கில் தொங்கும் இரண்டு தனி அச்சுகள். ஜாக்கு போட்டுத் தூக்கினால் சக்கரங்கள் உட்புறம் மடங்கும், நால்வர் பின்னே ஏறினால் காலை அகட்டி நிற்கும். 1970-களின் தொடக்கத்தில் வந்த கஸல் என்னும் வண்டியில் அதை விடுத்து வழக்கமான நேர் அச்சை அமைத்தனர். கஸல் 1977 வரை சிறிய எண்ணிக்கையில் உருவாயிற்று. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய காரைக் கொண்டுவந்தனர். ஆடம்பரமான கூட்டுக்குள் பழைய வான்கார்டு எஞ்சின். அது நிலைக்கவில்லை. 1988-இல் கார் உற்பத்தி முடிந்தது. அம்பாசிடர் 2014 வரை தாக்குப்பிடித்தது. பத்மினி என்று பெயர் மாறிய பியட் இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி நின்றது. சென்னை வண்டிதான் முதலில் விழுந்தது.

செய்தவர் இல்லாத வண்டியை மீட்பது எப்படி?

முதலில் ஒரு வினாவைத் தீர்க்க வேண்டும்: எந்த ஆண்டுக்கு மீட்பது? நாட்டின் புகழ்பெற்ற குடும்பக் கார் ஒன்று இதற்கு ஒப்புநோக்கத் தக்கது. 1941 சனவரியில் நேதாஜி வீட்டுக்காவலிலிருந்து தப்பியபோது, அவர் தமையனார் மகன் சிசிர் குமார் போசு அவரைக் கல்கத்தாவிலிருந்து கோமோ வரை ஓட்டிச்சென்ற வாண்டரர் கார், பல்லாண்டு நேதாஜி பவனில் அசையாது நின்று, சீரமைக்கப்பட்டு 2017 சனவரியில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்சியால் மீண்டும் வெளிக்கொணரப்பட்டது. அதற்கு மீள வேண்டிய நாள் எதுவென்பதில் ஐயமில்லை; ஒரே இரவு. நம் வீட்டு வண்டிக்கு அப்படி ஓர் இரவு இல்லை. தாத்தா வாங்கியபோது சாம்பல் நிறம், அப்பா காலத்தில் வெள்ளை, சித்தப்பா ஒருவர் மாட்டிய வானொலி, தட்டுப்பாட்டுக் காலத்தில் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய டைனமோ. இவற்றையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்தைத் தேடுவது இன்றைய வழக்கம். கண்காட்சிப் பரிசுக்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் அவ்வாறு மீட்ட வண்டி, நம் வீட்டுக்கு வருமுன் இருந்த வண்டி. நம் குடும்பம் அதில் ஏறவே இல்லை. உயிருக்கும் பாதுகாப்புக்கும் வேண்டியவற்றைப் புதுப்பித்து, மற்ற மாற்றங்களில் பழையனவற்றை இயன்றவரை விட்டுவைப்பதே முறை என்பது என் கருத்து. மாறாகக் கருதுவோரும் உளர். அவர்களுடைய வண்டிகள் பளபளவென்று இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஹெரால்டில் துரு எங்கே குடிகொள்ளும் என்பது அதன் அமைப்பிலிருந்தே விளங்கும். போல்ட்டுப் போட்ட இணைப்பு ஒவ்வொன்றும் நீர் புகும் வாய். அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், கதவுக்குக் கீழுள்ள படித்தகடு, ஸ்டெப்னி கிடக்கும் குழி, கதவுகளின் அடிவிளிம்பு ஆகிய இடங்களைச் சுத்தியலின் காம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டங்’ என்றால் தகடு. ‘டப்’ என்றால் பட்டி. பல வண்டிகளில் பெயின்டுக்கும் துருவுக்கும் நடுவே விரற்கடை பட்டி மட்டுமே இருந்து உருவத்தைக் காத்திருக்கும். படித்தகட்டை வெட்டியெடுக்குமுன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து இறுக்க வேண்டும். இல்லையேல் கூடு தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் மூடாது. முன்பக்கம் இன்பமான வேலை. பானெட்டும் இருபுறத்து மட்கார்டும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழும். மெக்கானிக் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பிரிக்கலாம். 

எஞ்சின் உறுப்புகள் இன்றும் இங்கிலாந்திலிருந்து கிடைக்கின்றன என்பது பலர்க்கு வியப்பளிக்கும். ஹெரால்டின் அடிச்சட்ட முறையையும் எஞ்சின் குடும்பத்தையும் கொண்டு 1962-இல் ஸ்பிட்பயர் என்னும் இரண்டு இருக்கை விளையாட்டுக் கார் தோன்றி 1980 வரை விற்றது. அதன் அன்பர் கூட்டம் அந்நாட்டில் பெரிது. அவர்கள் பொருட்டு உறுப்புகள் புதிதாகவே வார்க்கப்படுகின்றன. ஒரு சீமான் வீட்டுச் சிற்றப்பன் மகனால் ஏழை ஹெரால்டும் பிழைக்கிறது. அங்கிருந்து தருவிக்கும் செலவு கட்டாத புஷ், பின், தண்டு ஆகியவற்றைக் கடைந்து தர ஆனேக்கல் வட்டத்துத் தொழிற்பேட்டைகளில் லேத்துப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. விமானத்தால் வந்த கைத்திறன் கடைசியில் காருக்குத் திரும்புகிறது.

பின்கதவு மட்டும் எங்கும் கிடைக்காது. இங்கிலாந்து அதை ஒருபோதும் செய்ததில்லை. அந்நாட்டுப் பழுதுபார்க்கும் நூல்களில் அதற்குப் படமும் இல்லை, அளவும் இல்லை. அதைச் செய்த வண்டலூர் ஆலையோ மறைந்துவிட்டது. பாட்டிக்காகப் பிறந்த அந்தக் கதவை இங்குள்ள டிங்கர்தான் செய்தாக வேண்டும். இன்னொரு வண்டியின் நல்ல கதவை இரவல் வாங்கி, அட்டையில் அளவெடுத்து வெட்டி, தகட்டைச் சுத்தியலும் டாலியும் கொண்டு சிறிது சிறிதாகத் தட்டி வளைவை வருவிக்கிறார்கள். மறுபக்கத்துக் கதவு நன்றாக இருந்தால் அதையே கண்ணாடியில் காண்பதுபோல் இடம் வலம் மாற்றி எடுக்க வேண்டும். விளிம்பை மடிக்கும்போது ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடி ஏறாது. இத்தொழிலை ஓசையாலும் விரலாலும் அறிந்தவர் வயது முதிர்ந்தோர். விபத்துக்குள்ளான கதவைக் கழற்றிப் புதிய கதவை மாட்டுவதே இன்றைய பட்டறைகளின் வழக்கமாகிவிட்டதால், தட்டிச் செய்யக் கற்க இளையவர்க்கு வாய்ப்பில்லை. ஹெரால்டு வைத்திருப்போர் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, முதலில் கதவுக்கு ஆள் தேட வேண்டும். எஞ்சின் இருபது ஆண்டு கழித்தும் செய்துகொள்ளலாம்.

ஓட்டத் தொடங்குமுன் இரண்டு எச்சரிக்கை. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் டிரன்னியன் என்னும் வெண்கல உறுப்பு ஒன்று உண்டு; தண்டின் மரை அதனுள் திரும்பும். அதற்கு வேண்டியது கியர் எண்ணெய். கிரீசுத் துப்பாக்கியைக் கையில் எடுத்த நம் மெக்கானிக்குகள் கண்ட துளையிலெல்லாம் கிரீசு அடிக்கும் வழக்கத்தால் அதிலும் அடித்துவிடுவர். கிரீசு உலர்ந்து மரை இறுகி, ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் சாயும். அடுத்தது எரிபொருள். 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் இந்நாட்டில் நின்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பியிருந்தவை. தலையைக் கழற்றும்போதே கடினமான இருக்கைகளைப் பொருத்துவது நலம். இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது; பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது தின்றுவிடும். அவற்றை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுவருவது தீயோடு விளையாட்டு.

இவையெல்லாம் இரும்பு வேலை. காகித வேலை இதைவிடக் கடினமானது. குடிபெயர்ந்தோர்க்கு அதுவே பெருந்தடை. 1989 சூலைக்கு முந்திய வண்டிகளின் எண்பலகையில் இன்றுள்ள எழுத்து முறை இராது. சென்னை மாநிலத்து வண்டிக்கு எம்.எஸ்., எம்.டி. எனத் தொடங்கும், மைசூருக்கு எம்.ஒய். சட்டப்படி ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய எண் பெற வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். பதினைந்து ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஒசூர்ப் பக்கத்து வீட்டில் நின்ற வண்டியை ஆனேக்கல் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் பலர் இவற்றைச் செய்யாமலே விட்டனர்.

2021 சூலையில் மைய அரசு பழம் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றி மூல நிலையில் உள்ள வண்டி ‘விண்டேஜ்’ எனப்படும். புதிதாகப் பதிவோர்க்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள் நிரப்பல், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஓட்டலாம். நாள்தோறும் ஓட்ட இயலாது. ஹெரால்டு அனைத்தும் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டமையால் இவ்விதி அவற்றுக்குப் பொருந்தும். ஆனால் எஞ்சினை மாற்றியும் கூட்டை வெட்டியும் ‘அழகு’ செய்தவர்கள் இப்போது வாயிலில் நிற்கிறார்கள்.

எந்த விதியில் பதிவதாயினும் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளது என்பது முதற்கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அது மறைந்த தாத்தாவின் பெயர். உரியவர் மறைந்தால் முப்பது நாளுக்குள் தெரிவித்து மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றக் கோர வேண்டும் என்பது சட்டம். துக்க வீட்டில் அதை யார் நினைக்கிறார்கள்? நாற்பது ஆண்டு கழித்துப் படிவம் 31-ஐ எடுத்து வைக்கும்போது வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் இசைவும் கேட்கப்படுகின்றன. அண்ணன் கோயம்புத்தூரில், அக்காள் சிங்கப்பூரில், சித்தப்பா பிள்ளைகள் சென்னையில் என்று குடும்பம் சிதறியிருக்கும். வண்டியைப் பற்றி எவரும் எண்ணாதிருந்தபோது இல்லாத உரிமை, அது சீரமைந்து பளபளத்தபின் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஆகவே டிங்கரிங்குக்கு முன்பணம் கொடுக்குமுன், பொங்கலுக்கோ திருமணத்துக்கோ எல்லாரும் ஊரில் கூடும் நாளில், வண்டி இன்னும் துருவேறித் தார்ப்பாய்க்குள் கிடக்கும்போதே, அந்தக் கையொப்பங்களை வாங்கிவிட வேண்டும்.